புள்ளி தெரிகிற திரை: ஒரு மலிவு விலை லேப்டாப்புடன் நான்கரை ஆண்டுகள்

2021 இறுதியில் வாங்கிய லேப்டாப்பில்தான் இதையும் தட்டிக்கொண்டிருக்கிறேன். நான்கரை ஆண்டுகள் ஆகின்றன. இடையில் ரேம் மாறியது, பேட்டரி மாறியது, வலது பக்கக் கீல் ஒருமுறை பெயர்ந்து ஒட்டப்பட்டது. மற்றபடி அதே இயந்திரம். வாங்கிய முதல் வாரத்தில் எழுதியிருந்தால் இந்த அனுபவம் வேறு மாதிரி இருந்திருக்கும். அப்போது பெரிதாகத் தெரிந்த பல விஷயங்கள் இன்று நினைவில்கூட இல்லை. அப்போது கண்ணில் படாதவைதான் பிறகு தினமும் கைக்கும் கண்ணுக்கும் வேலை வைத்தன.

என் பயன்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்க் கட்டுரைகளுக்கும் புத்தகங்களுக்கும் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. நாளுக்கு ஆறேழு மணி நேரம் எழுத்துகளை உற்றுப் பார்க்க வேண்டும். அது போக வீட்டுக் கணக்கு, வீடியோ அழைப்பு, மகளின் பாடம், இரவில் ஒரு படம். கேம் இல்லை, வீடியோ எடிட்டிங் இல்லை. இதே மாதிரி அன்றாட வேலைகளுக்கு, விலைப் பட்டியலின் அடிப்பக்கத்திலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மாடல் பெயரைச் சொல்லவில்லை. அது இப்போது விற்பனையில் இல்லை. மேலும், இந்த விலையில் யார் செய்தாலும் உடலும் கீலும் பேட்டரியும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

அன்று கடைசியாக இரண்டு லேப்டாப்கள் கைக்கு வந்தன. ஒன்றில் ஏஎம்டியின் ரைசன் 5 5500யு பிராசசர்: ஆறு கோர் (கணக்கிடும் மூளைகள்), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்). ஆனால் திரை 1366×768 பிக்சல், டிஎன் என்ற மலிவு வகை. மற்றதில் இன்டெலின் ஐ3-1115ஜி4: இரண்டே கோர், நான்கு திரெட். திரை 1920×1080, ஐபிஎஸ் என்ற மேம்பட்ட வகை. இரண்டுமே 15.6 அங்குலம், 8 ஜிபி ரேம், கோப்புகளைச் சேமிக்க 256 ஜிபி எஸ்எஸ்டி. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விசாரித்தவர்கள் எல்லாரும் யோசிக்காமல் முதலாவதைக் காட்டினார்கள். கோர் எண்ணிக்கையில் மூன்று மடங்கு வித்தியாசம், அவர்கள் சொன்னதில் தவறில்லை.

நான் இரண்டிலும் ஒரே தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன். வழக்கமாக நான் வேலை செய்கிற எழுத்தளவில் வைத்துப் பார்த்தேன். முதல் திரையில் ‘எண்ணம்’ என்ற சொல்லில் முதல் ணகரத்துக்கு மேலே புள்ளி இருக்கிறதா, இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. 15.6 அங்குலத்தில் 1366×768 என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 100 பிக்சல். 1920×1080 என்றால் 141. ஆங்கில எழுத்துக்கு 100 பிக்சல் போதும், அதன் கோடுகள் எளிமையானவை. நம் எழுத்தில் மூணு சுழி ண, ரெண்டு சுழி ன என்று சுழியை எண்ணித்தான் சொல்லே பிரிகிறது. மணமும் மனமும் ஒரு சுழி தூரத்தில் இருக்கின்றன. பிக்சல் குறைந்தால் சுழிகள் ஒன்றோடொன்று இழைந்துவிடுகின்றன, புள்ளி எழுத்தின் தலையில் ஒட்டிக்கொள்கிறது. ‘எணணம்’ என்று தப்பாக இருந்தாலும் கண் அதைச் சரியாகவே வாசித்துவிட்டுப் போய்விடும்.

ஐ3 உள்ளதை எடுத்துக்கொண்டேன். நான்கரை ஆண்டுகளில் நான் எடுத்த மிகச் சரியான முடிவு இதுதான் என்று இன்றும் சொல்வேன்.

டிஎன் திரையின் இன்னொரு தொல்லை கோணம். மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தாலோ, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தாலோ நிறங்கள் வெளுத்துப் போகும், கீழிருந்து பார்த்தால் இருண்டுவிடும். மகளுக்குப் பாடம் சொல்லும்போது நாங்கள் இருவரும் ஒரே திரையைப் பார்க்கிறோம், ஐபிஎஸ்ஸில் அந்தச் சிக்கலே வரவில்லை. ஆனால் ஐபிஎஸ் என்று எழுதியிருந்தாலே நல்ல திரை என்று நம்ப வேண்டாம். என்னுடையது 250 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு), 45 சதவீத என்டிஎஸ்சி (எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதன் அளவு). இந்த விலையில் மிகவும் சாதாரணமாகக் கிடைக்கிற திரை இது. ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் முழு வெளிச்சம் வைத்தும் போதவில்லை, மேசையைத் திருப்பிப் போட்டேன். செக்கச்செவேல் என்று இருக்க வேண்டிய பூ, செங்கல் நிறத்தில் தெரிகிறது. புத்தக அட்டையின் நிறத்தை இந்தத் திரையில் பார்த்து நான் ஒருபோதும் சரி சொல்வதில்லை, போனில் பார்த்துக்கொள்கிறேன். எழுத்துக்குக் குறையில்லை, படத்துக்கு அரைகுறை.

அப்புறம் கீபோர்டு. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் தட்டுகிறேன். அதில் உயிரெழுத்துகள் பெரும்பாலும் இடது கைக்கும் மெய்கள் வலது கைக்கும் வருகின்றன. ஆங்கிலக் கீபோர்டில் நிறுத்தக்குறிகளும் அடைப்புக்குறிகளும் இருக்கிற வலது ஓரத்து விசைகளில்தான் நமக்கு ச, ஞ, ந, ய, ழ எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. மலிவு விலை 15.6 அங்குல லேப்டாப்பில் எண் விசைகளைத் தனியாக வைப்பதற்காக எங்கே இடம் பிடுங்குகிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் இந்த வலது ஓரத்தில்தான். ஆங்கிலம் மட்டும் தட்டுகிறவருக்கு அடைப்புக்குறி விசை ஒடுங்கியிருந்தால் ஒரு நட்டமும் இல்லை. தமிழ்99 தட்டுகிறவருக்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் ச வரும்.

என்னுடையதில் அந்த விசைகள் ஒடுங்கவில்லை. ஆனால் எண் விசைகள் இருப்பதால் தட்டும் இடம் முழுவதும் இடப் பக்கம் நகர்ந்துவிட்டது. உடம்பைத் திரைக்கு நடுவில் வைத்தால் கைகள் கோணும், கைகளை நேராக வைத்தால் கழுத்து வலப் பக்கம் திரும்பும். இரண்டு ஆண்டுகள் கழுத்து வலிக்குக் காரணம் தெரியாமல் இருந்தேன். கணக்கு வேலை நிறைய இல்லை என்றால் எண் விசைகள் இல்லாத கீபோர்டைத் தேடிப் பாருங்கள், 14 அங்குலத்தில் கிடைக்கும். பழகின தளவமைப்பில் ஒரு பத்தியைக் கையால் தட்டிப் பார்க்காமல் லேப்டாப் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு விஷயம்: இந்த விலையில் கீபோர்டு பெரும்பாலும் கை வைக்கிற மேல் தகட்டோடு பிளாஸ்டிக் முளைகளால் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். திருகைக் கழற்றி மாற்ற முடியாது. ஒரு விசை போனாலும் தகட்டோடு சேர்த்து மாற்றச் சொல்வார்கள். அதனால் குடிக்கிற எதையும் பக்கத்தில் வைப்பதில்லை.

ரேம் கதை எளிது. 8 ஜிபியில் 4 ஜிபி உள்ளே இருக்கிற மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, 4 ஜிபி ஸ்லாட்டில் இருந்தது. முதல் ஆண்டு எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு பிரவுசரில் இருபது டேப், ஒரு பெரிய கோப்பு, கூடவே வீடியோ அழைப்பு என்று ஆனபோது திணறத் தொடங்கியது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ரேம் எப்போதும் 85 சதவீதத்துக்கு மேல். கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லாத லேப்டாப்பில் அதுவும் இதே ரேமிலிருந்துதான் பங்கு எடுக்கும். ஸ்லாட்டில் இருந்த 4 ஜிபியை எடுத்துவிட்டு 8 ஜிபி டிடிஆர்4 வகை ரேம் போட்டேன், மொத்தம் 12. இரண்டும் சம அளவில் இல்லாவிட்டாலும் முதல் 8 ஜிபி இரட்டைத் தடத்தில் (இரண்டு வழியில் ஒரே நேரத்தில் தரவு போவதால் வேகம் கூடும்) வேலை செய்யும், மிச்சம் ஒற்றைத் தடத்தில். அரை மணி நேர வேலை. அன்றைக்குப் புது லேப்டாப் வாங்கியது போலவே இருந்தது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இப்போது வருகிற மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ஸ்லாட்டே இல்லை. விவரப் பட்டியலில் ரேம் வகை எல்பிடிடிஆர் என்று இருந்தால் அநேகமாக முழு ரேமும் போர்டோடு பற்றவைத்தது, வாங்கியதுதான் கடைசி வரை. அப்படி இருந்தால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்க வேண்டாம். காலி ஸ்லாட் ஒன்று இருந்தால் 8 ஜிபியுடன் தைரியமாகத் தொடங்கலாம். திரை, கீபோர்டு, கீல் போல பின்னால் மாற்ற முடியாத இடங்களில் இருக்கிற காசைச் செலவிடுங்கள் என்பதுதான் நான் யாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது. ரேமும் எஸ்எஸ்டியும் திருகைக் கழற்றினால் மாறிவிடும்.

எஸ்எஸ்டி பற்றி மூன்றே குறிப்புகள். 256 ஜிபி என்று வாங்கியதை விண்டோஸ் 238 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. நிறுவனங்கள் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகின்றன, விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. இரண்டாவது, மிகவும் மலிவான லேப்டாப்களில் எஸ்எஸ்டி என்ற பெயருக்குப் பதில் இஎம்எம்சி என்று இருக்கும். அது போர்டோடு ஒட்டியது, வேகமும் குறைவு. 64 ஜிபி இஎம்எம்சியில் விண்டோஸின் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் இடம் தேடி அலைய வேண்டும். விண்டோஸ் 11 கேட்கிற குறைந்தபட்ச இடமே 64 ஜிபிதான். மூன்றாவது, எம்.2 என்ற சிறு பட்டை வடிவ எஸ்எஸ்டியை மாற்றுவதாக இருந்தால் நீளத்தைப் பாருங்கள். 2280 என்றால் 80 மில்லிமீட்டர், 2242 என்றால் 42. சில லேப்டாப்களில் குட்டையானது மட்டுமே பொருந்தும்.

கீல் பெயர்ந்தது இரண்டரை ஆண்டு முடிந்தபோது. மூடியைத் திறக்கும்போது வலது மூலையில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் திரையின் சட்டம் அந்த இடத்தில் நூலிழை அளவு பிளந்தது. நான் எப்போதும் ஒரே கையால், வலது மூலையைப் பிடித்துத் திறப்பேன். இரும்புக் கீல் திருகப்பட்டிருப்பது பிளாஸ்டிக்கில் பதித்த சிறு பித்தளை மரைகளில். கீல் இறுக்கமாக இருந்து, ஒரு மூலையில் மட்டும் இழுவை விழுந்தால் மரை பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். சத்தம் வந்த மறுநாளே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். பெயர்ந்த மரையை எப்பாக்ஸி வைத்து ஒட்டி, கீலின் இறுக்கத்தை இரண்டு பக்கமும் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தார். இன்னும் ஒரு வாரம் அப்படியே திறந்து மூடியிருந்தால் திரைக்குப் போகும் கேபிளும் அறுந்திருக்கும் என்றார். இப்போது மூடியின் நடுவில் பிடித்துத்தான் திறக்கிறேன், வீட்டில் எல்லாருக்கும் அதையே பழக்கியிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகச் சத்தம் இல்லை.

பேட்டரி விஷயத்தில் தப்பு என்னுடையது. மேசையில் வைத்தே வேலை செய்வதால் நாள் முழுக்கச் சார்ஜரில் செருகியே வைத்திருந்தேன், எப்போதும் 100 சதவீதம். லித்தியம் பேட்டரிக்கு முழு சார்ஜும் சூடும் சேர்ந்து நீண்ட நேரம் இருப்பதுதான் கேடு. லேப்டாப்போடு வந்த செயலியிலேயே 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தது. அதை நான் கவனிக்கவே ஒன்றரை ஆண்டு ஆனது. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்க ஒரு கட்டளை உண்டு. வடிவமைத்த கொள்ளளவு, இப்போது நிரம்புகிற கொள்ளளவு இரண்டையும் அது பக்கத்தில் பக்கத்தில் காட்டும். 42 வாட்-மணி பேட்டரி அதற்குள் 31-க்கு இறங்கியிருந்தது. முதலில் ஐந்தரை மணி நேரம் வந்தது, மூன்றாம் ஆண்டு முடிவில் இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை.

மூன்றரை ஆண்டில் டச்பேடு அழுத்த மறுத்தது. முதலில் இடது பக்கம் க்ளிக் ஆகவில்லை, பிறகு பலகையே லேசாக மேலே எழும்பியது போலத் தெரிந்தது. டச்பேடு கெட்டுவிட்டது என்று மௌஸ் ஒன்றை இணைத்து இரண்டு வாரம் ஓட்டினேன். லேப்டாப்பை ஒரு கண்ணாடி மேசையில் வைத்தபோது நான்கு காலும் மேசையில் படியாமல் ஆடியதைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது. அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தால் பேட்டரி உப்பியிருந்தது, டச்பேட்டைக் கீழிருந்து அதுதான் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு வாரமும் நான் அதைச் சார்ஜ் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. டச்பேடு இறுகினாலோ, அடிப்பக்கம் புடைத்தாலோ உடனே சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, வீட்டுக் குப்பையில் போடவும் கூடாது, தீப்பிடிக்கும். பழைய பேட்டரியில் அச்சிட்டிருக்கிற பாக எண்ணைப் பார்த்து, அதே எண்ணில் புதியதை வாங்கிப் பொருத்தினேன். 80 சதவீத வரம்பு போட்டே ஓடுகிறது, ஓராண்டில் கொள்ளளவு பெரிதாகக் குறையவில்லை.

பிராசசரைப் பற்றி இவ்வளவு நேரம் பேசவில்லை, ஏனென்றால் அன்றாடத்தில் அது அதிகம் குறுக்கே வரவில்லை. எழுத்து, இணையம், படம் எல்லாவற்றுக்கும் இரண்டு கோர் போதுமாக இருந்தது. போதாமல் போனது ஒரே இடத்தில்: பத்துப் பேர் முகம் தெரிகிற வீடியோ அழைப்பில் என் திரையையும் பகிரும்போது. விசிறி அலறும், பேச்சு துண்டு துண்டாகப் போகும். அந்த நேரத்தில் மட்டும் ஆறு கோரை விட்டுவிட்டோமே என்று தோன்றும். மறுநாள் காலை மெய்ப்பைத் திறந்ததும் அந்த எண்ணம் போய்விடும்.

ஆனால் வாங்கும்போது பிராசசர் பெயரை நிதானமாக வாசிக்க வேண்டும், எண் பெரிதாக இருந்தால் புதியது என்று எண்ணிவிடக் கூடாது. ரைசன் 7000 வரிசை லேப்டாப் பிராசசர்களில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். 7520யு என்றால் 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, 7530யு என்றால் அதற்கு அடுத்த ஜென் 3. ஒரே ஓர் இலக்கம், ஆனால் நான்கு கோருக்கும் ஆறு கோருக்கும் உள்ள வித்தியாசம். இன்டெலில் பென்டியம், செலரான் பெயர்கள் 2023-இல் லேப்டாப்களிலிருந்து போய்விட்டன, இப்போது அந்த இடத்தில் என்100 போன்றவை வருகின்றன. அதில் நான்கு சிறிய கோர்கள், ரேமுக்கு ஒற்றைத் தடம். தட்டுவதற்கும் வாசிப்பதற்கும் ஓடும். ஐந்தாண்டு வைத்துக்கொள்ள நினைத்தால் இரண்டு பெரிய கோர், நான்கு சிறிய கோர் உள்ள ஐ3-1215யு மாதிரி ஒன்றைத்தான் நான் எடுப்பேன்.

அலுவலகங்களில் ஓடி வெளியே வரும் பழைய திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கீலும் கீபோர்டும் அவற்றில் உண்மையிலேயே உறுதியானவை, எதை எப்படிக் கழற்ற வேண்டும் என்ற கையேடும் கிடைக்கும். இரண்டைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறை முதல்தான் அதிகாரப்பூர்வ ஆதரவு. 7ஆம் தலைமுறை ஐ5 ஒன்றை விலை குறைவு என்று எடுத்தால் லினக்ஸ் மின்ட் போன்ற வேறொரு இயங்குதளத்துக்கு மாறத் தயாராக இருக்க வேண்டும். அடுத்து பேட்டரி: புதிதாக மாற்ற வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

வெப்கேம் 720பி, வெளிச்சம் குறைந்தால் முகம் மாவாகத் தெரியும். ஸ்பீக்கர் பேச்சுக்குப் போதும். யுஎஸ்பி-சி துளை இருக்கிறது, ஆனால் அதில் சார்ஜ் ஏறாது. வாங்கும்போது கேட்டிருக்க வேண்டும்.

ஒரே ஒரு இரவைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். பயாஸ் (லேப்டாப்பை இயக்கித் தொடங்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஒன்று தானாக ஓடி முடிந்து, திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. மறுநாள் அனுப்ப வேண்டிய கோப்பு உள்ளே. டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி சேமிக்கப்பட்டிருந்ததால், போனில் நுழைந்து பார்த்து, ஒவ்வொரு இலக்கமாகத் தட்டித் திறந்தேன். அன்றே அதைத் தாளில் எழுதி வைத்தேன். புது லேப்டாப்பைத் திறந்த முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

போன மாதம் மகளுக்கு ஒன்று பார்க்கப் போனோம். அவளே மூடியை நடுவில் பிடித்துத் திறந்தாள், திரையைப் பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் பார்த்தாள். ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது, எழுத்தளவைக் குறைத்து வைத்து ‘ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்’ என்று தட்டிப் பார்த்தாள். மூன்றாவதாகப் பார்த்த 14 அங்குல லேப்டாப்பில் அத்தனை புள்ளியும் தெரிந்தன, ச விசையும் முழு அளவில் இருந்தது. அதையே வாங்கினோம்.